சேற்றுக் குமிழியைப் பிடித்து மீத்தேன் நுண்ணுயிரிகளை அறிவது எப்படி

கோடையில் நீர் இறங்கி ஓரமெல்லாம் சேறாகக் கிடக்கும் குளத்தில், ஆலிலையும் அரசிலையும் விழுந்து மக்கும் மூலையாகப் பார்த்து ஒரு மூங்கில் கழியை ஊன்றி எடுத்தால், கழி இருந்த இடத்திலிருந்து குமிழிகள் கொத்துக் கொத்தாக எழும்பி வந்து நீர்ப்பரப்பில் உடையும். 1776ஆம் ஆண்டு நவம்பரில், இத்தாலியின் வடக்கே மஜோரே ஏரிக்கரையில் உள்ள ஆங்கேரா என்ற ஊருக்கருகே அலெசாந்திரோ வோல்டா செய்ததும் இதுவே. நீர் நிரப்பிய பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்து அவர் குமிழிகளைச் சேகரித்தார். அந்த வாயுவுக்குத் தீ வைத்தபோது அது நீலச் சுடராக எரிந்தது. இன்று மீத்தேன் என்று நாம் அழைக்கும் இந்த எரியும் காற்று அழுகும் பொருள்களிலிருந்து பிறக்கிறது என்று அவர் சரியாகவே கணித்தார். அதை உண்டாக்கும் உயிர்கள் பாக்டீரியாக்களே அல்ல என்பது தெரிவதற்கு மேலும் இருநூறு ஆண்டுகள் ஆயின.

வோல்டாவின் சோதனையைத் திரும்பச் செய்வதற்கும், அதைத் தாண்டி ஒரு படி சென்று அந்த உயிர்கள் எப்படி வாழ்கின்றன, எதனால் அடங்குகின்றன என்பதைச் சில பாட்டில்களில் வளர்த்துப் பார்ப்பதற்கும் வேண்டிய முறையை இங்கே எழுதுகிறேன். மாணவர்களோடு இதைப் பல முறை செய்திருக்கிறேன். செலவு மிகக் குறைவு, வேண்டியது பொறுமை. ஏன் பொறுமை என்பதை அந்த உயிர்களின் இயல்பே விளக்கிவிடும் என்பதால், பொருள்களைத் திரட்டுவதற்கு முன் அவற்றைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது.

யார் இவர்கள்

நுண்ணோக்கியில் பார்த்தால் மீத்தேன் உண்டாக்கும் உயிரிகள் மற்ற பாக்டீரியாக்களைப் போலவே கோலாகவும் உருண்டையாகவும்தான் தெரியும். அதனால்தான் நெடுங்காலம் அவற்றைப் பாக்டீரியாக்களின் பட்டியலிலேயே வைத்திருந்தார்கள். அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் கார்ல் வோஸ், உயிரணுவில் புரதம் கட்டும் ரைபோசோமில் உள்ள ஆர்.என்.ஏ. வரிசைகளை ஒப்பிட்டு உயிர்களின் உறவுமுறையைக் கண்டறிந்துவந்தார். அதே பல்கலைக்கழகத்தில் மீத்தேன் உயிரிகளை வளர்ப்பதில் தேர்ந்தவராக இருந்த ரால்ஃப் வுல்ஃபின் ஆய்வகம் கொடுத்த வளர்ப்புகளைச் சோதித்தபோது, அவற்றின் வரிசை எந்தப் பாக்டீரியாவோடும் பொருந்தவில்லை. 1977இல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் இதை ஒரு தனிப் பெரும் கிளையாக அறிவித்தார்கள். அப்போது இட்ட பெயர் ஆர்க்கிபாக்டீரியா. 1990இல் அந்தப் பெயரிலிருந்து பாக்டீரியா என்ற பகுதி நீக்கப்பட்டு, ஆர்க்கியா என்பதே நிலைத்தது. பழைய பெயரில் படித்தவர்கள் இந்த ஒரு திருத்தத்தை மனத்தில் கொள்ள வேண்டும். அது வெறும் பெயர் மாற்றம் அன்று.

வேறுபாடு உடலின் கட்டுமானத்திலேயே இருக்கிறது. பாக்டீரியாவின் செல்சுவரில் இருக்கும் பெப்டிடோகிளைக்கான் ஆர்க்கியாவில் இல்லை; ஆகவே அந்தச் சுவர் கட்டப்படுவதைத் தடுத்துக் கொல்லும் பெனிசிலின் இவற்றை ஒன்றும் செய்வதில்லை. செல்சவ்வின் கொழுப்பிலும் எஸ்டர் பிணைப்புக்குப் பதிலாக ஈதர் பிணைப்பு அமைந்திருக்கிறது. மீத்தேன் உண்டாக்கும் வேலையின் கடைசிப் படியைச் செய்யும் நொதிக்கு, நிக்கல் அணுவை நடுவில் தாங்கிய ஒரு துணைக்காரணி, அதாவது நொதி வேலை செய்ய உதவும் ஒரு சிறு மூலக்கூறு, தேவை. மீத்தேனை உண்டாக்கியே பிழைக்கும் உயிர்களாக இதுவரை வளர்த்து அறியப்பட்டவை அனைத்தும் ஆர்க்கியாவைச் சேர்ந்தவையே.

இவர்களுடைய உணவுப் பட்டியல் வியப்பூட்டும் அளவுக்குச் சிறியது. வைக்கோலையோ இலையையோ சர்க்கரையையோ இவர்களால் தின்ன முடியாது. ஒரு சாரார் நான்கு ஹைட்ரஜன் மூலக்கூறுகளையும் ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறையும் சேர்த்து ஒரு மீத்தேனும் இரண்டு நீரும் ஆக்குவார்கள். மற்றொரு சாரார் அசெட்டிக் அமிலத்தை, அதாவது நாம் காடி என்று அறிந்த பொருளை, இரண்டாகப் பிளந்து ஒரு பாதியை மீத்தேனாகவும் மறு பாதியைக் கார்பன் டை ஆக்சைடாகவும் விடுவார்கள். மெத்தனோசார்சினா, மெத்தனோத்ரிக்ஸ் ஆகிய இரண்டும் இந்த வேலைக்குப் பெயர்பெற்றவை. நன்னீர்ச் சேற்றில் எழும் மீத்தேனில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு அசெட்டிக் அமிலத்திலிருந்து வருவது. மெத்தனால், மெத்தில் அமீன் போன்ற ஒருசில பொருள்களை உண்பவர்களும் உண்டு. அவ்வளவுதான்.

ஆகவே சேற்றில் விழுந்த ஓர் இலை மீத்தேனாக வேண்டுமானால் பல கை மாறியாக வேண்டும். முதலில் ஒரு கூட்டம் செல்லுலோசைச் சர்க்கரையாக உடைக்கிறது. அடுத்தது சர்க்கரையைப் புளிக்கவைத்து அமிலங்களும் ஆல்கஹாலும் ஆக்குகிறது. இன்னொன்று அவற்றை அசெட்டிக் அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் மாற்றுகிறது. கடைசியாகத்தான் ஆர்க்கியா வருகிறது. எத்தனாலைத் தின்று மீத்தேன் விடும் ஒரே உயிரி என்று பல ஆண்டுகள் கருதப்பட்டு வந்த ஒரு வளர்ப்பு, உண்மையில் இரண்டு உயிரிகளின் கூட்டு என்பதை 1967இல் மார்வின் பிரையன்ட்டும் அவருடைய குழுவினரும் காட்டினார்கள். ஒன்று எத்தனாலிலிருந்து ஹைட்ரஜனை வெளியிடுகிறது. அந்த ஹைட்ரஜன் தேங்கினால் அதனுடைய வேலையே நின்றுபோகும். மற்றது அந்த ஹைட்ரஜனை உடனுக்குடன் எடுத்து மீத்தேனாக்கித் தானும் வாழ்ந்து, முன்னதையும் வாழவைக்கிறது. நாம் செய்யப்போகும் ஒவ்வொரு பாட்டிலிலும் நடப்பது இந்தக் கூட்டு வாழ்க்கைதான்.

இன்னொன்றும் உண்டு. சேற்றில் உணவு இருந்தாலும் மீத்தேன்காரர்களுக்கு உடனே இலை போடப்படுவதில்லை. அவர்களுக்குக் கடைசிப் பந்திதான். ஆக்சிஜன் இருக்கும்வரை அதைச் சுவாசிப்பவர்கள் எல்லாவற்றையும் உண்பார்கள். அது தீர்ந்ததும் நைட்ரேட்டைப் பயன்படுத்துபவர்கள், பிறகு மாங்கனீசையும் இரும்பையும் பயன்படுத்துபவர்கள், பிறகு சல்பேட்டைப் பயன்படுத்துபவர்கள் என்று வரிசையாக அமர்கிறார்கள். ஒரே அசெட்டிக் அமிலத்திலிருந்து முன் பந்தியில் இருப்பவருக்குக் கூடுதல் ஆற்றல் கிடைப்பதால், அவர்கள் அதை மிகக் குறைந்த அளவிலும் விடாமல் பிடித்துவிடுகிறார்கள். இந்தப் பந்தி வரிசையைப் புரிந்துகொண்டவருக்குக் குளமும் நெல்வயலும் கழிமுகமும் வெவ்வேறு விதமாக ஏன் நடந்துகொள்கின்றன என்பது தானாகவே விளங்கும். கீழே சொல்லும் சோதனைகள் பெரும்பாலும் இந்த வரிசையைக் கண்ணால் காண்பதற்கானவை.

இடமும் பாதுகாப்பும்

ஓடும் நீர் வேண்டாம். இலை, பாசி, வைக்கோல் ஆகியவை ஒதுங்கித் தேங்கும் குட்டையோ, குளத்தின் மூலையோ, நட்டு ஒன்றரை இரண்டு மாதமான, நீர் நிற்கும் நெல்வயலோ ஏற்றது. சாக்கடை கலக்கும் இடத்தைத் தவிர்க்க வேண்டும். கரையிலிருந்தே கை எட்டும் இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். சேற்றுக்குள் இறங்கி நடப்பது ஆபத்து. தனியாகச் செல்லக் கூடாது. கையிலோ காலிலோ வெட்டுக்காயம் இருந்தால் எலிக்காய்ச்சல் பரவ வழியுண்டு என்பதால் ரப்பர் கையுறை அணிய வேண்டும், வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.

சேறு ஏற்றதா என்பதை நிறம் சொல்லிவிடும். ஒரு கண்ணாடி டம்ளரில் சேற்றை அள்ளி, மேலே இரண்டு விரல் அளவு குளத்து நீர் விட்டு, ஒரு வாரம் நிழலில் அசையாமல் வையுங்கள். மேற்பரப்பில் சில மில்லிமீட்டர் தடிமனுக்குப் பழுப்பு நிறத் தோல் போல ஒரு படலம் உண்டாகும். அதற்குக் கீழே எல்லாம் கறுப்பாக இருக்கும். நீரின் வழியே ஆக்சிஜன் இறங்கும் எல்லை அந்தப் பழுப்புத் தோல். அங்கே இரும்பு துருவாக இருக்கிறது. கீழே இரும்பு சல்பைடின் கறுப்பு. இன்னும் சில நாள் கழித்து டம்ளரின் பக்கவாட்டில் பார்த்தால், கண்ணாடியை ஒட்டிச் சேற்றுக்குள் அரிசி அளவிலும் துவரை அளவிலும் சிறு பொந்துகள் தெரியும். ஒவ்வொரு பொந்தும் வெளியேற வழி பார்த்துக் காத்திருக்கும் வாயு. டம்ளரை மெல்லத் தட்டினால் ஒன்றிரண்டு பொந்துகள் நீண்டு விரிசலாகி, பழுப்புத் தோலைக் கிழித்துக்கொண்டு குமிழியாக மேலேறும். இந்தக் காட்சியை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாலும் போதும் என்று நினைக்கும் அளவுக்கு அது அழகானது. அந்தத் தோலில், மேலேறும் மீத்தேனை ஆக்சிஜனோடு சேர்த்து உண்டு வாழும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன; மெல்லக் கசிந்து வரும் மீத்தேனின் பெரும்பகுதியை அவை பிடித்துவிடுகின்றன. குமிழியாகப் பாய்ந்து போவதை மட்டும் அவற்றால் பிடிக்க முடியாது.

குமிழியைப் பிடித்தல்

இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் அடிப்பகுதியை வெட்டி எடுத்தால், கவிழ்த்த புனல் தயார். மூடியில் துளையிட்டு, மீன் தொட்டிக்கு விற்கும் காற்றுக் குழாயைச் செருகி, எம்-சீல் பூசி அடைத்து, குழாயின் மறுமுனையில் அதே கடையில் கிடைக்கும் சிறு வால்வைப் பொருத்துங்கள். வால்வைத் திறந்து வைத்துக்கொண்டு புனலை நீருக்குள் அமிழ்த்தி, உள்ளே இருக்கும் காற்று முழுவதும் வெளியேறியதும் வால்வை மூடுங்கள். ஒரு துளி காற்றும் உள்ளே தங்கக் கூடாது. பிறகு புனலைக் கழியில் கட்டிச் சேற்றுக்கு ஒரு சாண் மேலே நிறுத்தி, இன்னொரு கழியால் புனலுக்கு அடியில் உள்ள சேற்றைக் கிளறுங்கள். குமிழிகள் புனலின் உச்சியில் சேர்ந்து நீரைக் கீழே தள்ளும். 50 மில்லி சிரிஞ்சை வால்வில் பொருத்தி, வால்வைத் திறந்து, மெதுவாக இழுத்து எடுத்துக்கொள்ளலாம்.

கிளறி எடுப்பது சேற்றில் சேர்ந்திருந்த சேமிப்பு. அதை வைத்து ஒரு நாளைக்கு எவ்வளவு உண்டாகிறது என்று கணக்கிடக் கூடாது. அந்தக் கணக்கு வேண்டுமானால் கிளறாமல் புனலை ஒரு நாள் முழுவதும் விட்டுவைத்து, தானாகச் சேர்ந்ததை அளக்க வேண்டும். நெல்வயலில் இந்த முறைகூட முழு அளவைக் காட்டாது. நெற்பயிரின் தண்டிலும் வேரிலும் உள்ள காற்றறைகள் வேருக்கு ஆக்சிஜனைக் கொண்டுசெல்லும் வழியாக இருப்பதோடு, சேற்று மீத்தேனை மேலே கொண்டுவரும் புகைபோக்கியாகவும் இருக்கின்றன. வயலிலிருந்து வெளியேறும் மீத்தேனின் பெரும்பகுதி பயிர் வழியாகவே போகிறது. குமிழியாக வருவது சிறுபகுதி.

வாயுவைச் சோதித்தல்

சிரிஞ்சில் 40 மில்லி வாயு இருக்கட்டும். 100 மில்லி நீரில் 4 கிராம் காஸ்டிக் சோடா கரைத்த கரைசலில் 10 மில்லியை அதே சிரிஞ்சுக்குள் உறிஞ்சி, முனையை அடைத்து, அரை நிமிடம் குலுக்குங்கள். காஸ்டிக் சோடா தோலையும் கண்ணையும் அரிக்கும். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் அதைத் தொடக் கூடாது, சிறுவர்களிடம் அந்த வேலையைக் கொடுக்கவும் கூடாது. கார்பன் டை ஆக்சைடு கரைசலில் கரைந்துவிடுவதால் பிஸ்டன் தானாக உள்ளே இழுபடும். எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு கார்பன் டை ஆக்சைடு.

குளத்துக் குமிழியில் இந்தக் குறைவு மிகச் சிறிதாகவே இருக்கும். சாண எரிவாயுவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு என்று படித்தவர்களுக்கு இது குழப்பத்தைத் தரும். காரணம் எளியது. கார்பன் டை ஆக்சைடு நீரில் நன்றாகக் கரையும், மீத்தேன் அரிதாகவே கரையும். ஆகவே சேற்று நீருக்குள் முன்னது தங்கிவிட, பின்னதுதான் குமிழியாகத் திரள்கிறது. மிச்சம் இருப்பது முழுவதும் மீத்தேன் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது, நைட்ரஜனும் கலந்திருக்கும். புதிதாக நீர் கட்டிய வயலிலிருந்து முதலில் எழும் குமிழிகள் மண்ணில் அடைபட்டிருந்த வெறும் காற்றாகவே இருப்பதுண்டு.

எரிகிறதா என்பதே கடைசிச் சோதனை. பாட்டிலின் வாயிலோ புனலிலோ சிரிஞ்சின் முனையிலோ ஒருபோதும் தீ வைக்கக் கூடாது. காற்றில் மீத்தேன் 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்திருந்தால் அது வெடிக்கும் கலவை. மூடிய கலத்துக்குள் அந்த விகிதம் எப்போது அமையும் என்று யாராலும் சொல்ல முடியாது. திறந்தவெளியில் ஒரு தட்டில் சோப்புக் கரைசல் ஊற்றி, சிரிஞ்சிலிருந்து 20 மில்லி வாயுவை அதற்குள் மெல்லச் செலுத்தி நுரைக் குவியலாக்குங்கள். சிரிஞ்சையும் மீதி வாயுவையும் பல அடி தள்ளி எடுத்துச் சென்ற பிறகு, நீண்ட பிடியுள்ள லைட்டரால் நுரையைத் தொடுங்கள். பகல் வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்குத் தெரியாது. நுரை சட்டென அடங்குவது மட்டும் தெரியும். பொழுது சாயும் நேரத்தில் செய்தால், நுரையின் மேல் மங்கிய நீலம் ஒரு கணம் படர்ந்து அணைவதைக் காணலாம்.

நான்கு பாட்டில்கள்

இனி அந்த உயிர்களின் இயல்பைப் பார்க்கும் பகுதி. கறுப்புச் சேற்றைக் குளத்து நீரோடு சேர்த்துக் கஞ்சிப் பதமாகக் கரைத்து, கல்லும் குச்சியும் நீக்கி, நான்கு ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில்களில் கழுத்துவரை நிரப்புங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டாம். மூடியில் முன்போலவே குழாய் பொருத்தி, அதன் மறுமுனையை ஒரு வாளி நீருக்குள் கவிழ்த்து வைத்த, நீர் நிரம்பிய அளவுகுழாய்க்குள் விடுங்கள். வாயு எப்போதும் வெளியேற வழி இருக்க வேண்டும். பாட்டிலை இறுக மூடிவைப்பது தவறு.

முதல் பாட்டிலில் சேறு மட்டும். இரண்டாவதில் பொடியாக நறுக்கிய வைக்கோல் ஒரு கைப்பிடி. மூன்றாவதில் அதே அளவு வைக்கோலோடு, உரக்கடையில் கிடைக்கும் ஜிப்சம் இரண்டு தேக்கரண்டி. நான்காவதில் நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவைத்த சேறும் அதே அளவு வைக்கோலும். நான்கையும் வெயில் படாத, வெதுவெதுப்பான ஒரே இடத்தில் வைத்து, தினமும் ஒரே நேரத்தில் வாயுவின் அளவைக் குறித்து வாருங்கள். 30 முதல் 35 டிகிரி வெப்பம் இவர்களுக்கு மிக உகந்தது. நம் ஊர்க் கோடை அதைத் தானாகவே தந்துவிடுகிறது.

ஆக்சிஜன் தீர்ந்துவிட்டதா என்று அறிய, மீன் தொட்டிக் கடையில் விற்கும் மெத்திலீன் நீலம் உதவும். ஒரு சிறு மூடிய குப்பியில் பாட்டிலின் கரைசலை விளிம்புவரை நிரப்பி, ஒரு சொட்டு மட்டும் விட்டு மூடி வையுங்கள். நீலம் மறைந்தால் ஆக்சிஜன் இல்லை என்று பொருள். பாட்டிலுக்குள் நேராக ஊற்றிவிடக் கூடாது. அந்தச் சாயம் நுண்ணுயிரிகளுக்குக் கேடு.

முதல் பாட்டிலில் வாயு கொஞ்சம் கொஞ்சமாக வந்து குறைந்துவிடும். சேற்றில் இருந்த உணவு அவ்வளவுதான். இரண்டாவது பாட்டிலில் முதல் சில நாட்களில் எழும் வாயுவைச் சோதித்தால் கார்பன் டை ஆக்சைடு மிகுதியாக இருக்கும். வைக்கோலைப் புளிக்கவைப்பவர்கள் வேகமானவர்கள். பாக்டீரியாக்களில் சில அரை மணி நேரத்துக்குள் இரட்டிக்கும். அசெட்டிக் அமிலத்தை உண்ணும் மெத்தனோத்ரிக்ஸ் ஒரு முறை இரட்டிக்கச் சில நாட்கள் எடுத்துக்கொள்ளும். இந்த இடைவெளியில்தான் பெரும்பாலான சோதனைகள் கெட்டுப்போகின்றன.

நானும் ஒரு முறை கெடுத்திருக்கிறேன். வாயு சீக்கிரம் வர வேண்டும் என்ற ஆசையில், மாணவர்கள் முன்னிலையில், ஒரு பாட்டிலில் எலுமிச்சை அளவு வெல்லத்தைக் கரைத்து ஊற்றினேன். மறுநாள் காலையில் அளவுகுழாய் நிரம்பி வழிந்திருந்தது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் காஸ்டிக் சோடாவில் குலுக்கியதும் அதன் பெரும்பகுதி கரைந்து மறைந்துவிட்டது. பாட்டிலைத் திறந்தபோது பழைய சோற்று நீர் கெட்டுப்போனது போன்ற புளிப்பு நாற்றம். அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். தாள் 5க்குக் கீழே, அதாவது நல்ல புளிப்பு என்று, காட்டியது. வெல்லம் அமிலமாக மாறிய வேகத்துக்கு அந்த அமிலத்தை உண்ணும் ஆர்க்கியாவால் ஈடுகொடுக்க முடியவில்லை. சேர்ந்த அமிலமே அவர்களை முடக்கிவிட்டது. அவர்களுக்கு வேண்டியது 6.5 முதல் 7.5 வரை. சமையலறைக் கழிவை அளவில்லாமல் கொட்டியதால் வீட்டு எரிவாயுக் கலன் புளித்துப்போகிறது என்று சொல்கிறோமே, அதுவும் இதேதான். அப்போது உணவு போடுவதை நிறுத்திவிட்டு, சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகச் சேர்த்து பி.எச். ஏறும்வரை காத்திருக்க வேண்டும்; புதுச் சாணக் கரைசலும் உதவும். முதலில் உண்பவரின் பசிக்கு இடாமல் கடைசியில் உண்பவரின் வேகத்துக்கு இடுவதே இந்தத் தொழிலில் நான் கற்ற முதன்மையான விதி.

மூன்றாவது பாட்டிலில் இட்ட ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட். வைக்கோல் இரண்டாவது பாட்டிலில் உள்ளவாறே மக்கும், ஆனால் சல்பேட்டைச் சுவாசிப்பவர்கள் முன் பந்தியில் அமர்ந்து ஹைட்ரஜனையும் அசெட்டிக் அமிலத்தையும் எடுத்துக்கொள்வதால், மீத்தேன் வெகுவாகக் குறையும். சேறு மேலும் கறுக்கும். அழுகிய முட்டை நாற்றமும் வரலாம். அந்த நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு. அது நச்சு வாயு என்பதால் பாட்டிலை அறைக்குள் திறக்கக் கூடாது, மூக்கருகே வைத்து முகரவும் கூடாது. பிலிப்பைன்சின் நெல்வயல்களில் ஜிப்சம் இட்டுச் செய்த சோதனைகளிலும் மீத்தேன் இப்படியே குறைந்தது. கடல்நீரின் ஒரு லிட்டரில் சல்பேட் இரண்டரை கிராமுக்கு மேல் இருப்பதால், பிச்சாவரம் போன்ற சதுப்புக்காட்டுச் சேறு இலையும் வேரும் நிறைந்ததாக இருந்தும் நன்னீர்க் குளத்தின் அளவுக்கு மீத்தேன் விடுவதில்லை. அறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மெத்தில் அமீன்களை உண்ணும் ஆர்க்கியாவோடு சல்பேட்காரர்கள் போட்டியிடுவதில்லை. ஆகவே அந்த ஆர்க்கியா அங்கேயும் பிழைத்துக்கொள்கிறது.

நான்காவது பாட்டிலைத்தான் மாணவர்கள் தவறாகப் படிப்பார்கள். கொதிக்கவைத்த சேற்றில் உயிரே இருக்காது, வாயுவே வராது என்று எதிர்பார்த்திருக்கும்போது, சில நாட்களில் அதிலும் குமிழி வரும். சோதனை தோற்றுவிட்டது என்று நினைக்க வேண்டாம். வாயுவைக் காஸ்டிக் சோடாவில் குலுக்கிப் பாருங்கள். புளிக்கவைக்கும் பாக்டீரியாக்களில் பல, வெப்பத்தைத் தாங்கும் வித்துக்களாக உறங்கிக் கிடந்து, ஆறியதும் முளைத்து எழுகின்றன. ஆர்க்கியாவுக்கு வித்து உண்டாக்கும் வழக்கம் இல்லை. ஆகவே அவை கொதியில் மடிந்துவிட்டன. இப்போது வருவது கார்பன் டை ஆக்சைடும் கொஞ்சம் ஹைட்ரஜனும். ஹைட்ரஜனும் எரியும் என்பதால், எரிகிறதே என்று மட்டும் பார்த்து மீத்தேன் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. கழிவிலிருந்து ஹைட்ரஜன் எடுக்க முயலும் ஆய்வாளர்கள் மீத்தேன்காரர்களை நீக்குவதற்காக வேண்டுமென்றே தொடக்கச் சேற்றைச் சூடாக்குவது இந்த இயல்பை நம்பித்தான்.

காயவைத்துப் பார்த்தல்

இரண்டாவது பாட்டில் நன்றாக மீத்தேன் விடத் தொடங்கிய பிறகு, அதன் சேற்றில் பாதியை ஒரு தட்டில் விரல் தடிமனுக்குப் பரப்பி ஐந்தாறு நாட்கள் நிழலில் காயவிடுங்கள். கறுப்பு மெல்ல வெளிறிப் பழுப்பாகும். இரும்பு மீண்டும் துருவாகிறது, சல்பைடு மீண்டும் சல்பேட் ஆகிறது. அதாவது முன் பந்திகளுக்கு மறுபடியும் இலை போட்டாயிற்று. பிறகு நீர் ஊற்றிப் புதுப் பாட்டிலில் வைத்து, நறுக்கிய வைக்கோலும் சிறிது சேருங்கள். குமிழி உடனே வராது. எத்தனை நாள் கழித்து எரியும் வாயு வருகிறது என்பதைக் குறித்து வையுங்கள். ஆர்க்கியா இறந்துவிடுவதில்லை. தூய வளர்ப்பில் ஆக்சிஜன் பட்டால் முடங்கும் இவை, மண்ணின் மணிகளுக்குள் ஒடுங்கி, வயல் காய்ந்து கிடக்கும் மாதங்களையும் கடந்துவிடுகின்றன. முன் பந்திகள் எழும்வரை காத்திருக்கின்றன, அவ்வளவே.

நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடும் முறை வயலின் மீத்தேனைக் குறைப்பது இந்த வழியில்தான். துளையிட்ட குழாயை வயலில் புதைத்து, நீர்மட்டம் மண்பரப்புக்கு 15 செ.மீ. கீழே இறங்கியதும் மறுபடி பாய்ச்ச வேண்டும் என்பது பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய அளவு. பூக்கும் பருவத்தில் மட்டும் காயவிடலாகாது. தழைச்சத்தை மிகுதியாக இட்டுவிட்டு வயலைக் காயவிட்டால் மீத்தேனைப் போலவே புவியைச் சூடாக்கும் நைட்ரஸ் ஆக்சைடு என்னும் வேறொரு வாயு கூடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். உர அளவும் நீர் அளவும் சேர்த்தே திட்டமிடப்பட வேண்டியவை.

நுண்ணோக்கியில்

ஒளிர்வு நுண்ணோக்கி உள்ள கல்லூரியில் வாய்ப்புக் கிடைத்தால் இதைத் தவறவிடாதீர்கள். மீத்தேன் உயிரிகளில் எஃப்420 என்ற துணைக்காரணி நிறைய இருக்கிறது. 420 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஊதா ஒளியை உறிஞ்சி அது நீலப்பச்சையாக ஒளிரும். பாட்டிலின் அடியிலிருந்து ஒரு சொட்டு எடுத்து உடனே பார்த்தால், இருண்ட புலத்தில் பாக்டீரியாக்கள் எதுவும் தெரியாமல், ஒருசில கோல்களும் மூட்டை கட்டினாற்போன்ற மெத்தனோசார்சினாத் திரள்களும் மட்டும் நீலப்பச்சையாக மின்னும். மெத்தனோத்ரிக்சில் இந்தப் பொருள் குறைவு என்பதால் அது மங்கலாகத் தெரியும் அல்லது தெரியாமலே போகும். ஒளி பட்ட சிறிது நேரத்திலேயே மின்னல் மங்கிவிடும். படம் எடுக்க வேண்டுமானால் முன்கூட்டியே கேமராவைத் தயாராக வைத்திருக்க வேண்டும். சாதாரண நுண்ணோக்கியில் இவற்றைப் பாக்டீரியாவிலிருந்து பிரித்தறிய வழியில்லை.

சோதனை முடிந்ததும் ஜிப்சம் கலந்த பாட்டிலையும் மற்றவற்றையும் திறந்தவெளியில் திறந்து, ஒரு நாள் காற்றாட விட்ட பிறகு, சேற்றை எருக்குழியில் கொட்டலாம். குளத்தில் திருப்பிக் கொட்ட வேண்டாம். மீந்த காஸ்டிக் சோடாக் கரைசலை நிறைய நீர் சேர்த்து நீர்க்கச் செய்து வடிகாலில் விடுங்கள். நன்றாக மீத்தேன் விட்ட பாட்டிலை மட்டும் கொட்டாமல், மாதம் ஒரு முறை ஒரு சிட்டிகை வைக்கோல் போட்டு, குழாய் முனை எப்போதும் நீருக்குள் இருக்குமாறு பார்த்துக்கொண்டு, நிழலில் வைத்திருங்கள். அடுத்த ஆண்டு புதுச் சேற்றில் அதிலிருந்து ஒரு டம்ளர் உறையாக ஊற்றினால், சேற்றோடு மட்டும் தொடங்கிய பாட்டிலைவிடப் பல நாட்கள் முன்னதாகவே எரியும் வாயு கிடைக்கும்.